420 டொலருக்கு ஆங்கிலத்தைத் திருத்தினார்கள், நோயையும் சேர்த்து மாற்றினார்கள்

போன கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆய்வு நிதி விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கும் இணையச் சேவை ஒன்று, நான் முந்தின வருடம் காசு கட்டிப் பாவித்தது, "உங்கள் அனுபவத்தை நாலு பேருக்குச் சொல்லுங்கள், அடுத்த ஓடருக்கு 15 வீதம் கழிவு" என்று கேட்டிருந்தது. நாலு பேருக்குச் சொல்லத்தான் நானும் கனநாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். பெயர் போடவில்லை. இப்படியான சேவைகள் கனக்க இருக்கின்றன, எல்லாவற்றின் முகப்பிலும் அதே வெள்ளைக் கோட்டு, அதே நுணுக்குக்காட்டி, அதே சிரிப்பு. நான் போன கடை எது என்பதை விட உள்ளே என்ன விற்கிறார்கள், என்ன விற்பதில்லை என்பதுதான் உங்களுக்கு உதவும்.

அவசரக்காரருக்கு முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: 5இல் 2 நட்சத்திரம். ஆங்கிலத்துக்கு 4, சொன்ன நாளுக்குத் தந்ததுக்கு 5, விஞ்ஞானத்துக்குப் பூச்சியம். சராசரி எடுத்தால் 3 வருமே என்று கணக்குப் பார்க்கவேண்டாம். விஞ்ஞானத்தில் பூச்சியம் எடுத்த பிள்ளைக்கு நான் பாஸ் போடுவதில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து யாழ்ப்பாணம் திரும்பி மூன்று வருடம் கடந்த ஆள். அங்கே காலையில் ஓடர் பண்ணினால் அடுத்த நாள் மேசைக்கு வரும் ஒரு சின்னப் போத்தலுக்கு, இங்கே கொழும்பு முகவரிடம் விலைமனு கேட்டு, அது வந்து, அனுமதி எடுத்து, சாமான் ஐஸ் பெட்டியோடு வந்து சேர மூன்று மாதம் போகும். படித்தது எல்லாம் கையில் இருக்கிறது, செய்யக் காசு இல்லை. ஆகவே என்னைப்போல் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன்: வெளிநாட்டு அறக்கட்டளைகளின் பக்கங்களை இரவிரவாகத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசித் திகதிகளைக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போட்டேன்.

எனது விடயம் காய்ச்சல். மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் தொடங்கும், டெங்கு என்று ஊரே சொல்லும், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் டெங்குப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தபிறகும் காய்ச்சல் இறங்காமல் கிடப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்க்ரப் டைபஸ் இருக்கலாம். ஒரியன்சியா சுசுகாமுசி என்ற பக்டீரியா. பற்றைகளில் இருக்கும் சிற்றுண்ணியின் குடம்பி கடித்துப் பரவும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்தப் பொருக்கு வரும், அது கமக்கட்டிலோ இடுப்பு மடிப்பிலோ இருந்தால் ஒருவர் கண்ணிலும் படாது. டொக்சிசைக்கிளின் என்ற மலிவு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். பெனிசிலின் குடும்பத்து மருந்தை எவ்வளவு ஏற்றினாலும் கேட்காது. அதாவது நோயைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, கண்டுபிடித்தால் வைத்தியம் சின்னது. வெயில்-பீலிக்ஸ் என்ற பழைய இரத்தப் பரிசோதனையை முழுக்க நம்ப ஏலாது, நம்பக்கூடிய ஒளிர்வு நுணுக்குக்காட்டிப் பரிசோதனை எல்லா இடத்திலும் இல்லை, அந்தப் பொருக்கில் ஒரு துண்டை எடுத்து பிசிஆர் பண்ணினால் என்ன என்பதுதான் எனது முன்மொழிவு. இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

சேவைக்கு வருவோம். மூன்று விதமான பொதி வைத்திருக்கிறார்கள். அடிமட்டத்தில் இலக்கணம் மட்டும். நடுவில் இலக்கணத்தோடு "கட்டமைப்பு ஆலோசனை". மேலே "முன்னாள் மீளாய்வாளர் ஒருவர்" வாசித்துப் புள்ளி போடுவார், அதன் விலை நடுப்பொதியின் இரண்டு மடங்குக்கு மேல். நான் எடுத்தது நடுப்பொதி, 6,000 சொல்லுக்கு 420 டொலர். டொலர் 300 ரூபா சுற்றி நின்ற நேரம், ஒரு இலட்சத்து இருபத்தாறாயிரம் ரூபா, வங்கிக் கட்டணம் வேறு. அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "இங்கிலீசு படிக்கத்தானே உன்னை அந்த நேரம் ரியூசனுக்கு அனுப்பினது" என்று கேட்டிருப்பா, என்னிடம் பதிலும் இருந்திருக்காது.

நல்லதையும் சொல்லவேண்டும். ஐந்து வேலை நாள் என்றவர்கள் நாலாம் நாள் தந்தார்கள். எனது முதல் பந்தியை முழுதாக வெட்டியிருந்தார்கள், அது வலித்தது, ஆனால் சரி. நான் "உலகெங்கும் காய்ச்சல் ஒரு முக்கிய சுகாதாரப் பிரச்சினையாகும்" என்று தொடங்கியிருந்தேன். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதப் பழக்கின விதம் அது, பசுவைப் பற்றி எழுதச் சொன்னாலும் சிந்துவெளியில் இருந்துதான் தொடங்குவோம். எடிட்டர் மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருந்த ஒரு வசனத்தை, "டெங்கு இல்லை என்று தெரிந்தபிறகு வைத்தியரிடம் அடுத்த கேள்வி கேட்கக் கருவி இல்லை" என்ற கருத்தில் நான் எழுதியதை, இழுத்துக்கொண்டு வந்து முதல் வரியாக வைத்திருந்தார். அந்த ஒரு நகர்த்தலுக்கு நூறு டொலர் கொடுக்கலாம். 6,000 சொல்லும் 4,600 ஆகியிருந்தது, எதை வெட்டினார்கள் என்று இரண்டாம் தரம் தேடினால்தான் தெரியும். மெய்யான தொழில் தெரிந்த கை.

மற்றப் பக்கம் இது. ஓரத்தில் 41 குறிப்புகள். நான் எண்ணிப் பார்த்தேன். அதில் 30 குறிப்பு எந்த நோய், எந்த நாடு, எந்த முன்மொழிவு என்றாலும் ஒட்டக்கூடியது. "புதுமையை இன்னும் வலுவாகச் சொல்லலாம்." "இங்கே ஒரு உசாத்துணை சேர்க்கவும்." "தாக்கத்தை விரிவாக்கவும்." சோதிடக்காரன் "உங்களுக்கு நடுவில் ஒரு கஷ்டம் வந்துபோகும்" என்று சொல்வது போல. எந்த அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கிறேன் என்று ஓடர் படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது, நானும் பெயரை எழுதினேன், அந்தப் பெட்டியை ஒருவரும் வாசித்ததற்கு அடையாளம் இல்லை.

இப்போது அந்த நோய்க் கதை. திருத்தின பிரதியில் பொதுமக்களுக்கான சுருக்கம் என்று ஒரு பகுதி, 300 சொல், மீளாய்வுக் குழுவில் இருக்கும் எல்லாரும் கட்டாயம் வாசிப்பது. அதிலே மூன்று இடத்தில் டைபஸ் என்பது டைபொயிட் ஆகியிருந்தது. இரண்டாம் நோக்கத்தின் தலைப்பிலும் ஒரு தரம். நான் எழுத்துப்பிழை விட்டேன் என்று எடிட்டர் நினைத்திருப்பார் போல. டைபொயிட் என்றால் நெருப்புக் காய்ச்சல், சல்மொனெல்லா, அழுக்குத் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது. உண்ணிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய காலத்தில் இரண்டையும் ஒன்றென்று நினைத்தவர்கள்தான், டைபொயிட் என்ற சொல்லுக்கே "டைபஸ் போன்றது" என்றுதான் பொருள். 1837இல் பிலடெல்பியாவில் கெர்ஹார்ட் என்ற வைத்தியர் இரண்டும் வேறு வேறு நோய் என்று பிரித்துக் காட்டினார். ஏறக்குறைய 190 வருடம் கழித்து எனது எடிட்டர் 420 டொலருக்குத் திரும்பச் சேர்த்துவைத்தார்.

பிழை என்னிலும் இருக்கிறது, மறைக்கவில்லை. திருத்தங்கள் ஒவ்வொன்றாகக் காட்டும் வசதியோடுதான் கோப்பு வந்தது. நான் கடைசி நாள் பின்னேரம் அலுத்துப்போய் "எல்லாவற்றையும் ஏற்கவும்" என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். உலகத்திலேயே விலைகூடிய பொத்தான் அது. நாலு மாதம் கழித்து மறுப்புக் கடிதத்தோடு மீளாய்வாளர் குறிப்புகள் வந்தன. முதலாமவர் மிக மரியாதையாக, விண்ணப்பதாரர் எந்த நோயைப் படிக்க விரும்புகிறார் என்பதில் தெளிவு தேவை என்று எழுதியிருந்தார். அதை வாசித்த இரவு நான் சாப்பிடவில்லை.

சேவைக்கு எழுதிக் கேட்டேன். பதில் கெதியாக வந்தது, நல்ல ஆங்கிலத்திலும் இருந்தது: விஞ்ஞானச் சரிபிழைக்கு ஆசிரியரே பொறுப்பு என்று நிபந்தனைகளில் இருக்கிறதாம், 14 நாளுக்குள் சொல்லியிருந்தால் இலவசமாகத் திரும்பத் திருத்தித் தந்திருப்பார்களாம். மீளாய்வு 14 நாளில் வராது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? போய்ப் பார்த்தேன், நிபந்தனையில் உண்மையாகவே இருக்கிறது. அப்படியென்றால் முகப்பில் ஏன் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆளின் படம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான விமர்சனம் கிடைத்தது, அதுவும் ஒரு தேத்தண்ணிக்கு. எங்களுக்கு மூத்த ஒரு அக்கா இருக்கிறா, வெளிநாட்டு நிதி இரண்டு மூன்று தரம் எடுத்தவ, ஆனால் அதைப் பற்றிப் பெரிதாக வெளியில் கதைக்கமாட்டா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு கடையில் இருந்து அச்சடித்த பிரதியைக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் வாசித்துவிட்டு அவ கேட்ட முதல் கேள்வி ஆங்கிலத்தைப் பற்றியது இல்லை. "தங்கச்சி, இது ஆருக்கு எழுதினது?"

நான் அறக்கட்டளையின் பெயரைச் சொன்னேன். "அது விளங்குது. அவை என்னத்துக்குக் காசு குடுக்கினம் எண்டு பாத்தனியோ?" பார்த்திருந்தேன், பக்கத்தில் போட்டிருந்த நோக்கத்தை. அவ சொன்னது வேறு: கடைசி இரண்டு வருடத்தில் யாருக்கு, என்ன தலைப்புக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை. வெல்கம் என்ற பிரித்தானிய அறக்கட்டளை தாங்கள் கொடுத்த நிதிகளின் விபரத்தைப் பகிரங்கமாகப் போடுகிறது, கேட்ஸ் அறக்கட்டளையும் தேடிப் பார்க்கக்கூடிய பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு பின்னேரம் இருந்து அந்தத் தலைப்புகளை வாசித்தால் ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் ஒரு குணம் இருப்பது பிடிபடும், கலியாணத் தரகர் குடும்பத்தை விசாரிப்பது மாதிரி. நான் விண்ணப்பித்த இடம் ஆட்களை வளர்க்கும் இடம். நான் அனுப்பியது சாமான் பட்டியல்.

இந்த வித்தியாசம் புதிதாகத் தொடங்குபவர்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ளவேண்டியது, ஆகவே கொஞ்சம் நிற்கிறேன். வெல்கம் 1936இல் ஹென்றி வெல்கம் என்ற மருந்து வியாபாரியின் உயிலால் உருவானது. 2021இல் தங்கள் திட்டங்களை மாற்றியமைத்தபோது தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கென்று ஒன்று கொண்டுவந்தார்கள்: வழமையாக 5 வருடம், உங்கள் சம்பளம், அதற்கு மேல் ஆய்வுச் செலவுக்கு 4 இலட்சம் பவுண் வரை. இலங்கை போன்ற நாடுகளில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். அவ்வளவு காசு கொடுக்கும்போது அவர்கள் கேட்பது, இந்த ஐந்து வருடம் முடிய இந்த ஆள் என்னவாக இருப்பார் என்று. எந்தத் திறமை இல்லை, யாரிடம் போய்ப் பழகப்போகிறீர்கள், நீங்கள் இருக்கும் இடம் உங்களைத் தாங்குமா, எல்லாம் எழுதவேண்டும். கேட்ஸ் அறக்கட்டளை 2008இல் தொடங்கின சின்ன நிதித் திட்டம் நேர் எதிராக இருந்தது: இரண்டு பக்கம், ஒரு இலட்சம் டொலர், முன்கூட்டிய தரவு தேவைப்படவில்லை, நீங்கள் யார் என்பதைவிட யோசனை என்ன என்பதுதான் கேள்வியாக இருந்தது. இரண்டு பக்கம் என்றால் சுகம் என்று நினைக்காதீர்கள். இருபது பக்கத்தில் ஒளிக்க இடம் இருக்கும், இரண்டு பக்கத்தில் இல்லை. கொழும்பில் தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கிறது, அதன் ஆங்கிலப் பெயரில் "ஃபவுண்டேசன்" என்று வருவதால் அறக்கட்டளை மாதிரி இருந்தாலும் அது அரச நிறுவனம், அதன் போட்டி நிதி உள்நாட்டுத் தேவையை முன்வைத்துக் கேட்கும். ஒரே காய்ச்சலை மூன்று இடத்துக்கு மூன்று விதமாக எழுதவேண்டும். நான் ஒன்றை எழுதி மூன்று இடத்துக்கும் பெயரை மாத்திரம் மாற்றி அனுப்பும் திட்டத்தில் இருந்தேன். இதை 420 டொலர் சேவை சொல்லவில்லை, சொல்லும் என்று எதிர்பார்த்தது என்னுடைய மடத்தனம்.

அடுத்தது பட்ஜெட். சேவையில் இதைத் தொடவே மாட்டார்கள், எக்செல் கோப்பு "திருத்தத்துக்கு உட்படாது". ஆனால் வேர்ட் கோப்பில் இருந்த பட்ஜெட் நியாயப் பந்தியில் எடிட்டர் ஒரு குறிப்புப் போட்டிருந்தார். ஜெனரேட்டர் டீசல் என்ற வரிக்குப் பக்கத்தில்: "இது உண்மையில் தேவையா?" நான் பயந்துபோய் வரியையே எடுத்துவிட்டேன். அக்கா அதைத்தான் முதலில் கேட்டா, டீசல் எங்கே என்று. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டினதை இங்கே யார் மறந்தது? மறை 80 பாகையில் இருக்கவேண்டிய குளிரூட்டியில் இரண்டு வருட மாதிரிகளை வைத்துக்கொண்டு, மின்சாரம் வரும் நேரத்தை எழுதி வைத்து, பக்கத்து ஆய்வுகூடத்திடம் உலர்பனி கடன் கேட்டவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் மீளாய்வாளருக்கு அது தெரியாது, ஆகவே நீக்கக்கூடாது, ஒரு வரியில் விளங்கப்படுத்தவேண்டும். விளங்கப்படுத்தினால் அதுவே உங்களுக்குக் களம் தெரியும் என்பதற்கு அத்தாட்சி.

அதே வருடம் டொலர் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சுற்றி நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. ரூபாவில் நிதி வைத்திருந்தவர்களுக்கு, வெளிநாட்டில் இருந்து வரும் பிசிஆர் சாமான் பாதியளவுதான் வாங்க முடிந்தது. ஆகவே இறக்குமதிச் சாமானை டொலரில் எழுதுங்கள், ஆய்வு உதவியாளர் சம்பளத்தையும் களப்பயணத்தையும் ரூபாவில் எழுதுங்கள், எந்த நாள் மாற்று வீதம் என்று அடியில் குறியுங்கள், விலைமனுவின் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள். நான் 30 நாள் செல்லும் விலைமனுவை வைத்து, முடிவு வரவே எட்டு மாதம் எடுக்கும் ஒரு நிதிக்குக் கணக்குப் போட்டிருந்தேன். இன்னொன்று, கட்டுரை வெளியிடும் செலவு. கேட்ஸ் அறக்கட்டளை 2025 தொடக்கத்தில் இருந்து சஞ்சிகைகளுக்கு வெளியீட்டுக் கட்டணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது, சஞ்சிகைக்கு முன்னமே இணையத்தில் எல்லாரும் வாசிக்கக்கூடிய முன்பதிப்பாகப் போடச் சொல்கிறது. பழைய மாதிரி விண்ணப்பத்தைப் பார்த்துக் கொப்பி அடித்தால் அந்த வரியும் அப்படியே வந்துவிடும், வாசிப்பவருக்கு நீங்கள் விதிகளை வாசிக்கவில்லை என்பது உடனே விளங்கும். எனக்கு அது நடக்கவிருந்தது, அக்காவின் சிவப்புப் பேனை பிடித்தது.

அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகளுக்கு இன்னொரு சடங்கு இருக்கிறது. அந்த நாட்டு வரிச் சட்டப்படி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் காசு கொடுப்பதென்றால், அது தங்கள் நாட்டுத் தரும நிறுவனத்துக்குச் சமமானது என்று நிரூபிக்கவேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு டொலரும் எங்கே போனது என்று தாங்களே பின்தொடரவேண்டும். அதனால் உங்கள் நிறுவனம் எந்தச் சட்டத்தில் உருவானது, கணக்காய்வு அறிக்கை எங்கே என்றெல்லாம் கேள்வி வரும். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் நிதியாளர் பகுதிக்கு முன்கூட்டியே ஒருக்கா போய்ச் சொல்லிவையுங்கள், கடைசி நாள் போய் நிற்காதீர்கள்.

நான் கடைசி நாள்தான் போய் நின்றேன். லண்டன் மாலை 5 மணி என்று போட்டிருந்தால் கோடையில் எங்களுக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. நான் அதை மட்டும் சரியாகக் கணக்குப் பார்த்து, நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்து, கையொப்பம் வைக்கவேண்டியவர் மூன்றரைக்கு வீட்டுக்குப் போவார் என்பதை மறந்துவிட்டேன். வீட்டு வாசலில் போய் நின்று, நாய் குரைக்க, அவர் சாரத்தோடு வந்து மதிலில் வைத்துக் கையொப்பம் போட்டுத் தந்தார், ஒரு சொல் ஏசவில்லை. பிறகு பார்த்தால் போர்ட்டலில் 2 எம்பிக்கு மேல் ஏற்ற ஏலாது, எனது போனில் எடுத்த படம் 7 எம்பி. எட்டரைக்குக் கொக்குவில் பக்கம் ஒரு கொமியூனிகேசன் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட அண்ணை ஒருவர் திரும்பத் திறந்து, ஸ்கான் பண்ணி, சுருக்கி, இரண்டு பிடிஎஃபையும் ஒன்றாக்கி, பென்டிரைவில் போட்டுத் தந்தார். 80 ரூபா. மதிப்புரை என்று எழுதினால் நியாயமாக அவருக்கும் எழுதவேண்டும்: 5இல் 5. டைபஸை டைபொயிட் ஆக்கவில்லை.

"சாட்ஜிபிடி இருக்க இதுக்கெல்லாம் ஏன் காசு" என்று மச்சாள் கேட்டாள். நியாயமான கேள்விதான், நானும் இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது அதைப் பாவித்துப் பார்த்தேன். வசனம் நேராக்க நல்லது. டைபஸை டைபஸாகவே விட்டது, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். ஆனால் உசாத்துணை கேட்டால் பூமியில் இல்லாத கட்டுரையை இருக்கிற சஞ்சிகையின் பெயரோடு தந்தது. அதோடு 2023 செப்டெம்பரில் வெல்கம் உட்படப் பிரித்தானிய ஆய்வு நிதி நிறுவனங்கள் பல சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன: விண்ணப்பதாரர் இப்படியான கருவி பாவித்தால் சொல்லவேண்டும், மீளாய்வாளர்கள் இரகசிய விண்ணப்பத்தை அதற்குள் போடவே கூடாது. ஆகவே பாவித்ததை எழுதினேன். எனக்கு அதில் உள்ள பெரிய கவலை வேறு. அதில் திருத்தின பிறகு எனது முன்மொழிவு, உலகத்தில் மற்ற எல்லாரும் அதில் திருத்தின முன்மொழிவு மாதிரியே ஒலித்தது.

இலவசமாக இன்னொரு வழியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஓதர்எயிட் என்று 2007இல் தொடங்கினது, எங்களைப் போன்ற நாடுகளின் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிகளைச் சேர்த்துவிடும். எனக்கு வேறு கண்டத்தில் இருந்து ஒரு புள்ளிவிபரக்காரர் கிடைத்தார். ஆங்கிலத்தை அவர் தொடவே இல்லை. 200 நோயாளிகள் என்று ஏன் எழுதினாய், 150 ஏன் இல்லை, 400 ஏன் இல்லை, பொருக்கு இருக்கும் ஆட்கள் அதில் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, வட்டமான எண் என்பதால் 200. மூன்று கிழமை மெதுவாக மடல் எழுதி அந்த எண்ணைச் சரிப்படுத்தினோம். பதில் வரப் பொறுமை வேண்டும், அவர்களும் சும்மா செய்பவர்கள்தானே. 5இல் 4.

பொதுமக்களுக்கான சுருக்கத்தை இரண்டாம் முறை நானே எழுதினேன், முதலில் தமிழில். அம்மாவுக்குச் சொல்வது மாதிரி எழுதி, அம்மாவிடமே வாசித்துக் காட்டி, அவ "அப்ப உண்ணி கடிச்சது எண்டு டொக்டருக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்ட இடத்தில் நின்று, அந்தக் கேள்வியையே சுருக்கத்தின் நடுவில் வைத்தேன். பிறகுதான் ஆங்கிலம். அமெரிக்க மிசன் வைத்தியர் டொக்டர் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து இறங்கி, பிறகு மானிப்பாயில் இருந்து எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினவர். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு "விஞ்ஞானத்தைச் சாதாரண ஆட்களுக்குச் சொல்ல ஏலாது" என்று நாங்கள் சாட்டுச் சொல்ல முடியாது.

அந்த இரண்டாம் விண்ணப்பமும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த முறை வந்த குறிப்புகளை நான் அக்காவுக்குச் சந்தோசமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு மீளாய்வாளர் பொருக்கில் எடுக்கும் மாதிரி போதுமா, இரத்தமும் எடுக்கவேண்டுமா என்று கேட்கிறார். இன்னொருவர் மாதிரி எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டு, ஒரு மாரிக்குப் பதில் இரண்டு மாரி எடுக்கச் சொல்கிறார். எந்த நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை. டீசலைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மாரி என்று மாற்றி மூன்றாம் இடத்துக்குப் போட்டிருக்கிறேன், இந்தத் தரம் கையொப்பம் எல்லாம் இரண்டு கிழமைக்கு முன்னமே எடுத்தாயிற்று. சாரத்தோடு வந்தவர் "இந்த முறை ஒஃபிசுக்கே வந்திட்டியள்" என்று சிரித்தார்.

அப்ப இந்தச் சேவையை யார் எடுக்கலாம்? அறக்கட்டளையைச் சரியாகத் தெரிந்தெடுத்து, பட்ஜெட்டையும் எண்ணிக்கையையும் முடித்து, களம் தெரிந்த ஒருவர் வாசித்துவிட்ட பிறகு, ஆங்கிலம் மட்டும் கரடுமுரடாக இருக்கிறது என்றால் அடிமட்டப் பொதியை எடுங்கள். முழுவதற்கும் வேண்டாம், சுருக்கத்துக்கும் நோக்கங்கள் பக்கத்துக்கும் மட்டும், ஆயிரம் சொல்லுக்குள் முடியும், காசும் தாங்கலாம். நோயின் பெயர், மருந்தின் பெயர், ஊரின் பெயர் மூன்றையும் ஒரு தனிப் பட்டியலாக எழுதி "இவற்றைத் தொடவேண்டாம்" என்று அனுப்புங்கள். திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள். மேல்பொதியில் வரும் முன்னாள் மீளாய்வாளர் எப்படி என்று எனக்குக் கேட்க ஆசைதான், அதற்குரிய காசு என்னிடம் இல்லை.

கழிவுக் கூப்பன் இந்த மாதம் முடியும் வரை செல்லுமாம். இந்த மதிப்புரைக்குப் பிறகும் தருவார்களோ தெரியாது, தந்தால் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டுக் குடுக்கலாம். டைபொயிட்டில் ஆய்வு செய்பவர்களுக்கு முன்னுரிமை.